46 சடை, மூன்றரை வருஷம்

வெட்டின அன்றைக்கு ராத்திரி சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். மீதமிருந்த 41 சடையும் சேர்ந்து, காய்ந்த நிலையில், 270 கிராம். அப்புறம் ஒரு வாளியில் ஊறப்போட்டு, பிழியாமல் கொடியில் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் மறுபடி வைத்தேன். 790. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தராசுலதான்டி நாளைக்கு நான் மைதா அளக்கணும்" என்றார்.

அரைக் கிலோ தண்ணீர். மூன்றரை வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மல்லுக்கட்டியது இதோடுதான். ட்ரெட்லாக்ஸ் போடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் அழகாக இருக்குமா, ஆபீசில் விடுவார்களா, கல்யாணம் ஆகுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எப்படிக் காயவைப்பீர்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

தமிழில் இதற்கு வார்த்தை தேடவே வேண்டாம். சடைதான். வேடிக்கை என்னவென்றால், நேரெதிரான ரெண்டு காரியத்துக்கும் நாம் அந்த ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எண்ணெய் தடவி, வகிடெடுத்து, ரிப்பன் வைத்துப் பின்னுவதும் சடை. சீப்பே படாமல் திரிதிரியாகத் திரண்டு தொங்குவதும் சடை. செப்புத்திருமேனி நடராஜருக்கு இரண்டு பக்கமும் விரிந்து பறக்கிறதே, அது இரண்டாவது வகை. ஜடாமகுடம், ஜடாபாரம், ஜடாமண்டலம் என்று சிற்ப சாத்திரத்தில் அதற்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. நான் நடராஜரைப் பார்த்து ஆசைப்படவில்லை. கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி சுவரில் ஒட்டியிருந்த பாப் மார்லியைப் பார்த்து ஆசைப்பட்டேன். அதற்கு முன்னால் பார்த்த ஒரே சடை எனக்குப் பயத்தைத்தான் கொடுத்திருந்தது.

காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவின் தங்கச்சி, சின்ன அப்பத்தா, தலையில் ஒற்றைச் சடையோடு இருந்தார். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு காய்ச்சல் கண்டு ரெண்டு மாசம் படுத்த படுக்கை. தலை சீவிவிட ஆளில்லை. எழுந்து உட்கார்ந்தபோது பின்னந்தலை முடி பூராவும் ஒரே பாளமாகிக் கிடந்ததாம். "அம்மன் வந்து உக்காந்துட்டா, கத்தரி படக்கூடாது" என்று யாரோ சொல்ல, அது அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தண்ணீர், விபூதி. குறி கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவருக்குக் குறி சொல்லத் தெரியாது. வந்தவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு "சரியாப் போயிரும்த்தா" என்பார். அதற்கே வெற்றிலை பாக்கோடு பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு மத்தியானம் திண்ணையில் அவர் குப்புறப் படுத்திருந்தபோது கிட்டே போய்த் தொட்டேன். மல்லாந்து படுக்க அவரால் முடியாது. மேலே காய்ந்த தேங்காய்மட்டை மாதிரி சொரசொரப்பு. அழுத்தினால் உள்ளே மெத்தென்று, லேசாக ஈரம். மஞ்சளும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த ஒரு வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கனக்குதாத்தா. செத்த தூக்கிப் பிடியேன்." பிடித்தேன். கை கடுக்கிற வரைக்கும் பிடித்திருந்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021 ஜனவரி, பாண்டிச்சேரியில் ஒரு சின்னக் கடை. ரெண்டு நாள், மொத்தம் 14 மணி நேரம், 18,000 ரூபாய். முதலில் தலையைக் கட்டம் கட்டமாக வகிடெடுத்து ரப்பர் போட்டார்கள். என் முடி அடர்த்திக்கு 46 கட்டம் வந்தது. பிறகு ஒவ்வொரு கொத்தையும் நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சீவினார்கள். அம்மா இருபது வருஷம் என் தலையில் செய்ததற்கு நேர் தலைகீழ். சிக்கு நன்றாக விழுந்த பிறகு, அரை மில்லிமீட்டர் குரோஷே ஊசியை உள்ளே விட்டு, துருத்திக்கொண்டிருக்கிற முடியையெல்லாம் உள்ளுக்குள் இழுத்து இறுக்குவார்கள். இடுப்பு வரை இருந்த முடி தோளுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி தலையணையில் தலை வைக்க முடியவில்லை. நெற்றித் தோல் பின்னால் இழுத்துக் கட்டினது மாதிரி இருந்தது.

அந்தக் கடையில் ஒரு தப்பு நடந்தது. முடிந்த பிறகு "பிடிமானத்துக்கு" என்று ஒரு மெழுகைத் தடவிவிட்டார்கள். மெழுகு தடவ மட்டும் சம்மதிக்காதீர்கள். தேன்மெழுகு தண்ணீரில் கரையாது, ஷாம்பூவுக்கும் மசியாது. சென்னைத் தூசியை அது ஒட்டுத்தாள் மாதிரி பிடித்து வைத்துக்கொண்டது. மூன்றாவது வாரம் என் சடைகளின் நிறமே சாம்பலாகிவிட்டது. வெந்நீரில் முக்கி, துணியால் ஒவ்வொன்றாக உருவி உருவி எடுக்க ரெண்டு மாசம் ஆனது. கூடவே இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம்முடையது பெரும்பாலும் நேர்முடி, அல்லது லேசான அலைமுடி. ஆப்பிரிக்கச் சுருள்முடி தன்னால் சுற்றிக்கொண்டு சடையாகும்; நம் முடி விட்டால் போதும் என்று அவிழப் பார்க்கும். முதல் ஆறு மாசம் தலை ஒரு காக்கைக் கூடு. பொறுக்கத்தான் வேண்டும். பொறுமையில்லாமல் வாராவாரம் ஊசி போட்டீர்களானால் ஊசியே முடியை அறுத்துவிடும். ரெண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை வேர்ப்பக்கம் மட்டும் இறுக்கினால் போதும்.

குளிக்காமல் இருக்கணுமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இல்லை, வாரம் ஒருமுறை நான் அலசினேன். நமக்கு தினமும் 50 முதல் 100 முடி வரை உதிரும். சீப்பில் வரவேண்டிய அந்த முடி சடைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அழுக்கினால் சடை உண்டாவதில்லை. சொல்லப்போனால் சுத்தமான, எண்ணெய்ப்பசையில்லாத முடிதான் வழுக்காமல் இறுகும்.

எதைப் போட்டு அலசுவது என்பதில் நான் பட்டுத்தான் கற்றேன். ஊருக்குப் போன இடத்தில் அத்தை பாசமாக அரைத்துக் கொடுத்த சீயக்காயைப் போட்டேன். சாதாரண முடியென்றால் நாலு செம்பு தண்ணீரில் போய்விடும். சடைக்குள் போன தூள் வெளியே வரவே இல்லை. பத்து நாள் கழித்தும் சடையைத் தட்டினால் மூக்குப்பொடி மாதிரி பறந்தது, ஆபீஸ் மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தும்மினார். அதற்குப் பிறகு பூந்திக்கொட்டையை வேகவைத்து, வேட்டித் துணியில் ரெண்டு தடவை வடிகட்டின தண்ணீர்தான். இல்லையென்றால் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஷாம்பூ. கண்டிஷனர் கூடாது. தேங்காயெண்ணெய் வேரில் ரெண்டு சொட்டு சரி. சடை முழுக்கத் தடவினால் உள்ளே தங்கிக் காறல் வாடை அடிக்கும். சாம்பிராணி போடலாமா என்றால் போடலாம். ஆனால் அந்தப் புகை நாலு நாளைக்கு உங்களை விட்டுப் போகாது, கோயில் கர்ப்பக்கிரகம் நடந்து வருவது போல இருக்கும்.

இனி அந்த அரைக் கிலோ. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் அலசிவிடுவேன். பத்து மணிக்கு மேல் அலசினால் அன்றைய பொழுது போச்சு. ஒவ்வொரு சடையையும் துண்டில் சுற்றி முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு மின்விசிறிக்குக் கீழே. கோடையில் ஐந்து மணி நேரம், ஐப்பசி கார்த்திகையில் ராத்திரி வரை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். தடிமனான ஒரு சடையைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். சில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம். அந்த ஈரத்தோடு கொண்டை போடுவதும் தூங்குவதும்தான் இதில் செய்யக்கூடிய ஆகப்பெரிய தவறு.

நான் செய்தேன், வேறு வழியில்லாமல். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்தபடி வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி கரண்ட் போனது, எங்கள் தெருவுக்கு நாலாம் நாள்தான் வந்தது. விசிறி இல்லை, ட்ரையர் இல்லை, வெயில் இல்லை. காற்றே ஈரமாக இருந்தது. பத்து நாள் கழித்து, மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டிப் போட்ட துணியின் நாற்றம் என் பின்னங்கழுத்திலிருந்து வந்தது. அலசினால் போய், காய்ந்ததும் திரும்பி வந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். கடைசியில் சந்தேகப்பட்ட ஒரு சடையை வெட்டி நெடுக்காகப் பிளந்தேன். நடுவில் பென்சில் ஈயம் மாதிரி ஒரு சாம்பல் கோடு. பூஞ்சை. அன்றைக்கு ஐந்து சடை போனது. பூஞ்சை பிடித்தால் மருந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கத்தரிதான் மருந்து. கடலோர ஊரில் இருக்கிறவர்கள் சடையைப் பென்சில் தடிமனுக்கு மேல் விடாதீர்கள் என்பது இதிலிருந்து நான் சொல்லக்கூடியது.

பேன் வந்தால் மருந்து லோஷன் போடலாம், ஈரெடுக்க வழியில்லை. தலையணைக்கு வழுவழுப்பான உறை போடுங்கள். பருத்தியுறையின் பிசிறெல்லாம் சடையில் ஏறும். விமான நிலையத்தில் கொண்டையை அவிழ்த்துப் பிதுக்கிப் பார்ப்பார்கள், கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் கழுத்துக்குக் கீழேதான் கட்ட வேண்டும். உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் ஹெல்மெட் மாட்டினால் அது தலையைக் காப்பாற்றாது. என் 580 மில்லிமீட்டர் ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு 600 வாங்கினேன்.

மனிதர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரே வாரத்தில் நடந்த ரெண்டு விஷயம் போதும். செவ்வாய்க்கிழமை சிவகங்கையிலிருந்து ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மா எழுந்து எனக்கு ஜன்னலோரம் விட்டார். பிறகு மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, விபூதிப் பொட்டலத்தை நீட்டி, "ஆத்தா, எம்மகன் மூணு மாசமா போன் பண்ணலை. நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றார். எனக்கு 31 வயது, ஜீன்ஸ் போட்டிருக்கிறேன், காதில் இயர்போன். என்ன சொல்வது? வாயில் தன்னால் வந்தது: "சரியாப் போயிரும்த்தா." அதே வெள்ளிக்கிழமை ராத்திரி, சென்னையில் வாகனச் சோதனையில் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உடன் வந்த தோழியின் பையைத் தொடவில்லை. "கஞ்சா எங்க?" என்றார் ஒருவர். என்ன கேட்கிறார் என்றுகூட முதலில் புரியவில்லை. பையில் குரோஷே ஊசிதான் இருந்தது, அதையும் முகர்ந்து பார்த்தார்.

ஊரில் சின்ன அப்பத்தாவின் மகள், எனக்கு அத்தை, என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மாவுக்கு அதை எடுத்துவிட ஒரு ஆள் கெடைக்கலை. நீ போடக் காசு குடுத்திருக்க" என்றார். திட்டவில்லை. முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே சொன்னார். சின்ன அப்பத்தாவை 2009-ல் அந்தச் சடையோடேதான் புதைத்தோம். கடைசிப் பத்து வருஷம் கழுத்து எலும்பு தேய்ந்து தலையைத் திருப்ப முடியாமல் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். சீவாமல் கிடக்கும் முடி இப்படிக் கட்டியாகிறதை மருத்துவத்தில் பிளைக்கா என்கிறார்கள். போலந்தில் ஒரு காலத்தில் இது ஊருக்கு ஊர் இருந்திருக்கிறது, கோல்டூன் என்று பெயர். வெட்டினால் நோய் உள்ளே திரும்பிவிடும் என்று அங்கேயும் பயந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் யூசெஃப் டியட்ல் என்கிற கிராக்கோ மருத்துவர் இது நோயல்ல, அழுக்கும் பயமும்தான் என்று மல்லுக்கு நின்றார். இலங்கையில் கதிர்காமத்துச் சடைச் சாமியாரம்மாக்களைப் பற்றி மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981-ல் விரிவாக எழுதினார். அவர்களுக்குச் சடை என்பது கடவுள் கொடுத்த வரம், வெட்டுவது நினைத்தும் பார்க்க முடியாதது. வடகர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் சிறுமியின் தலையில் 'ஜட்' விழுந்தால் சௌந்தத்தி எல்லம்மா கூப்பிடுகிறாள் என்று தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விட்டிருக்கிறார்கள். கர்நாடகம் 1982-ல் அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பின் ஆட்கள் மகாராஷ்டிரத்தில் வீடு வீடாகப் போய், பெண்களிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, அவர்கள் தலையிலிருந்து சடையை வெட்டி எடுக்கிறார்கள். வெட்ட ஆகிற நேரம் கொஞ்சம், பேச ஆகிற நேரம்தான் அதிகம்.

2022-ல் வேலை விஷயமாக ஆறு மாசம் லண்டனில் இருந்தேன். பிரிக்ஸ்டன் பஸ்ஸில் எழுபது வயதிருக்கும் ஜமைக்கா பாட்டி ஒருவர், முழங்கை நீளத்துக்கு நரைத்த சடை, என் தலையைப் பார்த்துவிட்டு யார் போட்டுவிட்டது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "உனக்கு இது எதுக்கு?" என்றார். அழகுக்கு என்றேன். அவர் சிரித்தார், கோபமில்லை. தன் சின்ன வயதில் போலீஸ்காரர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிரைத்து அனுப்பினதையும், வீட்டுக்கு வந்தவரைத் தனக்கு அடையாளம் தெரியாமல் அழுததையும் ரெண்டே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது 1963 ஆக இருக்க வேண்டும். அந்த வருஷம் ஏப்ரல் 11, பெரிய வியாழன். ஜமைக்காவில், மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நிலத் தகராறு ஒன்று கொலைகளில் முடிந்தது, எட்டுப் பேர் செத்தார்கள். அதைச் சாக்கிட்டு, சடை வளர்க்கும் மார்க்கத்தாரான ராஸ்தஃபாரிகளை, சம்பந்தமே இல்லாதவர்களையெல்லாம் வளைத்துப் பிடித்து அடித்து, சிறையில் போட்டு, சடையை அறுத்தார்கள். ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017-ல். 1930-ல் எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி முடிசூடியதைத் தங்கள் மீட்சியின் அடையாளமாகப் பார்த்த ஏழை மக்களின் மார்க்கம்தான் ராஸ்தஃபாரி. சடைக்கு அவர்கள் காட்டும் ஆதாரம் பைபிளின் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம்: விரதம் இருக்கிறவன் தலையில் கத்தி படக்கூடாது. சிம்சோனின் பலம் இருந்த முடியைத் தமிழ் பைபிளும் 'ஏழு ஜடைகள்' என்றுதான் சொல்கிறது. பார்க்கிறவர்களுக்கு அச்சமூட்டும் முடி என்பதால்தான் பெயரிலேயே 'ட்ரெட்' வந்தது என்பார்கள்; அதனால் அந்தப் பாதியை விட்டுவிட்டு 'லாக்ஸ்' என்று மட்டும் சொல்கிற கறுப்பினத்தவர் நிறையப் பேர். இந்தப் பக்கம் அமெரிக்காவில், சடையை வெட்ட மறுத்ததால் கிடைக்கவிருந்த வேலையை இழந்த அலபாமா பெண்ணின் வழக்கில், அது மாற்றிக்கொள்ளக்கூடிய சிகையலங்காரம்தானே, இனப்பாகுபாடு ஆகாது என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முடிக்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019-ல் கலிஃபோர்னியா முதலாவதாகச் சட்டம் போட்டது. என் ஆபீசில் எனக்குக் கிடைத்த அதிகபட்சத் தொல்லை, "வாஷ் பண்ணுவீங்களா மேடம்?"

இதைச் சொன்னால் உடனே குடும்ப வாட்ஸப்பில் ஒருவர், "எல்லாம் நம்ம சிவன்கிட்டேருந்து போனதுதான்" என்று போடுவார். 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா போனது உண்மை. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். கஞ்சா என்கிற வார்த்தையே அவர்களோடுதான் போயிற்று, சாதுக்களின் சடையும் கூடப் போயிருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இல்லை, 1950-களில் கென்யாவில் வெள்ளையரை எதிர்த்துக் காட்டுக்குள் போன மாவ் மாவ் போராளிகளின் படங்களைப் பார்த்து வந்தது என்பவர்களும் உண்டு. சிறையில் சிரைக்கப்பட்டவரின் மகளிடம் போய் இது எங்கள் சரக்கு என்று நான் சொல்லப்போவதில்லை.

இந்த மூன்றரை வருஷக் கணக்கில் கடைசி அத்தியாயம் நெற்றிப்பொட்டில் நடந்தது. காதுக்கு மேலே இருந்த சடைகளின் வேர் பொட்டுப் பொட்டாக மெலிந்து தோல் தெரிய ஆரம்பித்தது. தோல் மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: இழுவையினால் வரும் உதிர்வு, இப்போது விட்டால் திரும்ப முளைக்கும், இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தால் முளைக்காது. வகிட்டோரச் சடைகளை மெல்லியதாகவும் எடை குறைவாகவும் வைத்திருக்க வேண்டும், இறுக்கிக் கொண்டை போடக்கூடாது என்று 2021-லேயே யாராவது சொல்லியிருக்கலாம். சிக்கெடுத்துப் பிரிக்கவும் செய்யலாம். தோழி ஒருத்தி ஒரு சடைக்கு முக்கால் மணி நேரம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்தாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

2024 ஜூலை, எங்கள் வீட்டு மாடி, சாதாரணத் துணி வெட்டுகிற கத்தரி. அத்தையும் வந்திருந்தார். வெட்டுவதற்கு முன்னால் அம்மா, "சாமிகிட்ட உத்தரவு கேக்க வேண்டாமா?" என்று தயங்கினார். அத்தை கத்தரியை வாங்கி, "கேட்டாச்சு" என்று முதல் சடையை அவரே வெட்டினார். உள்ளே நாரை அறுப்பது மாதிரி ஒரு கரகர சத்தம். நாற்பத்தொன்று முடிய இருபது நிமிஷம். வெட்டினதைக் குப்பையில் போடாதே, ஆற்றில் விடு என்கிறார் அம்மா. அதெல்லாம் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அலமாரி மேல் இருக்கிறது.

மறுநாள் தலைக்கு ஊற்றினேன். முதல் செம்புத் தண்ணீரே நேராகத் தோலில் விழுந்தது, திடுக்கிட்டுப் போனேன். ஏழு நிமிஷத்தில் தலை காய்ந்துவிட்டது. வண்டியை எடுத்தால் ஹெல்மெட் லொடலொடவென்று ஆடுகிறது. பழைய 580-ஐத் திருப்பிக் கேட்டால் தம்பி தர மாட்டேன் என்கிறான்.